ஒரே பாட்டில், ஏழு துறை

அத்தியாயம் 17

சின்னவள் கிருமி வளர்க்கும் தட்டுகளை இன்குபேட்டரில், அதாவது சூட்டுப் பெட்டியில், வைத்துக் கதவை மூடியதோடு போன வாரம் விட்டோம். இப்போது திறக்கப் போகிறாள். மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. வீட்டில் மூன்றே பேர். அண்ணன், அண்ணி, அண்ணனின் தங்கை சின்னவள். மூவருக்கும் ஒரே பல்கலைக்கழகத்தில் வேலை. அண்ணன் அங்கே தண்ணீர் ஆய்வு மையத்துக்குத் தலைவர். கிருமி படித்தவர், ரசாயனம் படித்தவர், கட்டுமானம் தெரிந்தவர், கணக்குப் போடுகிறவர் என்று ஏழு துறை ஆட்களை ஒரே மேஜையில் உட்கார வைத்து, உலகத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்த்தே தீருவது என்று கிளம்பியவர். அண்ணி ரசாயனம். சின்னவள் கிருமி.

சாக்கடை வாய்க்கால் தண்ணீரை மணலும் நாணல் வேரும் நிறைந்த ஒரு படுகை வழியாக விட்டு, துளி மருந்துகூடப் போடாமல் குடிதண்ணீர் ஆக்குவது அவர்கள் திட்டம். இன்று சாயங்காலம் நாலு மணிக்கு, வாய்க்கால் ஓரக் குடியிருப்பின் நானூறு வீட்டுக் குழாய்களிலும் அந்தத் தண்ணீரைத் திறந்துவிடப் போகிறார்கள். ஆறு வாரமாகச் சின்னவளின் பரிசோதனையில் மலக்கிருமி பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் விழா, மேடை, மாலை மரியாதை எல்லாம்.

வியாழக்கிழமை, காலை எட்டு மணி. சின்னவள் இன்குபேட்டர் கதவைத் திறந்தாள்.

குப்பென்று அடித்தது. அந்த நாற்றம் அவளுக்குப் புதிதல்ல. பத்து வருஷமாக அதோடுதான் குடித்தனம். ஆனால் அது வர வேண்டியது மேலடுக்கிலிருந்து, அதாவது வாய்க்கால் தண்ணீர் தடவிய தட்டுகளிலிருந்து. இன்றைக்கு அது கீழடுக்கிலிருந்தும் வந்தது. படுகையில் வடிகட்டி வெளியே வந்த சுத்தத் தண்ணீரின் தட்டு. அதில் ஊசி குத்த இடமில்லாமல் நீலப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமியின் வம்சம்.

"சீ!" என்றாள் வாய்விட்டு.

முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். தட்டை மாற்றி வைத்துவிட்டேனா? இல்லை, பெயர்ச்சீட்டு சரியாகத்தான் இருந்தது. மூன்று தட்டு தடவியிருந்தாள். மூன்றும் ஒரே கதை.

இந்த வாரம் மட்டும் என்ன வித்தியாசம் என்று யோசித்தாள். ஒன்றே ஒன்றுதான். மையத்தின் பொதுப் பாட்டில்கள் புதன்கிழமை வந்து சேரவில்லை. அதனால் தன் அலமாரியிலிருந்த பழைய பாட்டிலைக் கொதிநீராவியில் வைத்துச் சுத்தம் செய்து, அதில் தண்ணீர் பிடித்து வந்திருந்தாள்.

பொதுப் பாட்டில் என்பது அண்ணனின் யோசனை. ஏழு துறையும் தனித்தனியாகப் போய் தனித்தனியாகத் தண்ணீர் பிடிப்பது என்ன கூட்டு ஆராய்ச்சி என்று ஆறு வாரத்துக்கு முன் ஒரு கூட்டத்தில் மேஜையைத் தட்டினார். வடிகட்டிய தண்ணீரை இனிமேல் ஒரே பாட்டிலில் பிடிப்போம், எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வோம் என்றார். பாட்டிலைத் தயார் செய்து தருவது அண்ணியின் ரசாயனத் துறை என்று முடிவாயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். சின்னவளும்தான் தட்டினாள்.

மூலையில் போன வாரத்துப் பொதுப் பாட்டில் ஒன்று காலியாகக் கிடந்தது. அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர். பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற காரியம்தான், நீல லிட்மஸ் தாள் ஒன்றைக் கிழித்து உள்ளே விட்டாள். தாள் கண்ணெதிரே சிவந்தது.

அமிலம்.

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். படுகை கிருமியைக் கொல்லவே இல்லை. பாட்டில் கொன்றிருக்கிறது. படுகைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவே, கார் டிக்கியில், அரை மணி நேரப் பயணத்தில் கிருமிகள் செத்திருக்கின்றன. அவள் அந்தப் பிணங்களைப் பார்த்து, ஆகா பூஜ்யம் என்று ஆறு வாரம் சந்தோஷப்பட்டிருக்கிறாள். போன மாதம் அண்ணனுக்கு ஒரு பூஜ்யத்தைப் படம் வரைந்து, அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்து அனுப்பினாளே, அதை நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது. முழுப் பூஜ்யம் வந்தால் முதலில் சந்தேகப்படு என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் இவள்தான். கேட்கவே வெட்கக்கேடு.

கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஓடினாள்.

அண்ணி தன் அறையில் விழாவுக்கான சேலையைக் கசங்காமல் நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, கையில் ஒரு காகிதத்தை வைத்துப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் அவள்தான் தொகுத்துப் பேசப் போகிறாள். நல்ல குரல். மைக் பிடித்தால் கூட்டம் அடங்கும்.

"அண்ணி, பொதுப் பாட்டில்ல அமிலம் ஊத்துறீங்களா?"

"ஆமா. பத்து சொட்டு. ஏன்?"

"ஏன்னு கேக்குறீங்களே! எதுக்கு ஊத்துறீங்க?"

"அது போடலைன்னா ஈயம், செம்பு எல்லாம் பாட்டில் சுவத்துல ஒட்டிக்கும், அளவு தப்பா வரும். எங்க துறையில பாட்டில்னா அமிலம் போட்டுத்தான் வைப்போம். அடுப்பைப் பத்த வச்சேன்னு யாராவது ஊருக்குச் சொல்லிட்டா சமைப்பாங்க?"

"அதே பாட்டில்லதான் நான் கிருமி தேடுறேன், அண்ணி!"

அண்ணி காகிதத்தை மேஜையில் வைத்தாள். முகத்தில் அதிர்ச்சி வரும் என்று சின்னவள் காத்திருந்தாள். வரவில்லை. எப்போதோ அதிர்ந்து முடித்த முகம் அது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மெதுவாப் பேசு."

"தெரியுமா தெரியாதா?"

"ரெண்டு வாரமா தெரியும்," என்றாள் அண்ணி. "உன் அட்டவணையில வரிசையாப் பூஜ்யத்தைப் பாத்தேன். பாட்டில் நம்பரைப் பாத்தேன். தூக்கிவாரிப் போட்டுச்சு. அன்னைக்கே உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். நான் பாத்துக்குறேன், நீ வாயைத் திறக்காதேன்னாரு."

"நீங்களும் திறக்கலை."

"என்னை என்ன பண்ணச் சொல்றே? அமிலம் ஊத்தினது என் கை. வெளியில தெரிஞ்சா யார் தலை உருளும்? முதல்ல என் தலைதானே?"

"அந்தத் தண்ணியைக் குழந்தைங்க குடிக்கப் போகுது, அண்ணி. இன்னைக்கு. நாலு மணிக்கு."

"உங்க அண்ணன்கிட்ட கேளு," என்று அண்ணி மறுபடி காகிதத்தை எடுத்துக்கொண்டாள். எழுத்து தலைகீழாக இருந்தது. அதைத் திருப்பிப் பிடிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த வீட்டில் பதினைந்து நாளாக ஒரே மேஜையில் மூன்று பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள். சின்னவளுக்கு இப்போது அந்தச் சாப்பாடெல்லாம் திரும்பி வரும் போல இருந்தது.

அண்ணன் அறையில் அண்ணன் கண்ணாடி முன்னால் நின்று கோட்டில் ஒட்டிய பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தார். ஆள் இன்றைக்குப் பளபளவென்று இருந்தார். அப்பா போன பிறகு சின்னவளைப் படிக்க வைத்தவர் அவர். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி பூரா விழித்திருந்தவர். இதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் தூக்கிப் போட முடிந்தால் சின்னவளுக்கு அன்றைய பொழுது எவ்வளவோ சுலபமாகப் போயிருக்கும்.

"வா குட்டி. டை நேரா இருக்கா பாரு."

"விழாவை நிறுத்துங்க அண்ணா."

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. திரும்பவே இல்லை.

"உங்க அண்ணி சொன்னாளா?"

"தட்டு சொல்லுச்சு. படுகை ஒண்ணும் வடிகட்டலை. வாய்க்கால் தண்ணி நிறம் மட்டும் மாறி வெளிய வருது. கிருமி அப்படியே இருக்கு."

"பாதி குறைஞ்சிருக்கும்."

"பாதிச் சாக்கடையைக் குடிக்கலாமா?"

"இதோ பாரு குட்டி, உக்காரு." அவர் குரலைக் குழைத்தார். "இருபது நாட்டுலேர்ந்து கேட்டிருக்காங்க இந்தப் படுகையை. இன்னைக்கு வர்ற விருந்தாளி பணம் தர்றதாக் கையெழுத்துப் போட்டா இருபது நாட்டுல வேலை ஆரம்பிச்சுடும். நமக்கும் இன்னும் ரெண்டு வருஷம் அவகாசம் கிடைக்கும். அதுக்குள்ள படுகையைச் சரி பண்ணிட மாட்டேனா நான்? இப்ப நிறுத்தினா எல்லாம் போச்சு. நாலு பேருக்கு ரெண்டு நாள் வயித்தால போகும். அதைவிடப் பெரிய விஷயம் பாக்கணும்."

"குளோரினாவது போடுங்க. இன்னைக்கே போட்டா கிருமி செத்துடும்."

"குளோரின் போட்டா அப்புறம் படுகை எதுக்கு? மருந்து இல்லாத தண்ணிங்கறதுதானே நம்ம பேச்சே."

"அப்ப இத்தனை நாளா அந்தக் குடியிருப்புக்குப் போன லாரித் தண்ணியையாவது நிறுத்தாம விடுங்க."

"லாரி நேத்தோட முடிஞ்சது."

சின்னவளுக்கு வாயில் எச்சில் ஊறியது, குமட்டலுக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில். அறை மூலையில் ஒரு பெட்டி பிரிந்து கிடந்தது. கடையில் விற்கும் தண்ணீர்ப் பாட்டில்கள், ஒரு டஜன். பக்கத்தில் அழகான கண்ணாடி ஜாடி. விழா மேடையில் அண்ணன் முதல் டம்ளரைக் குடித்துக் காட்டுவதாக நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"மேடையில நீங்க குடிக்கிறதுக்கா இது?"

அண்ணன் டையைத் தானே நேராக்கிக்கொண்டார்.

"த்தூ!" என்றாள் சின்னவள். அண்ணனைப் பார்த்து வாழ்நாளில் சொல்லாத சொல். சொல்லிவிட்டு வெளியே வந்து, வராந்தாக் குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு காலையில் குடித்த காபியை முழுசாகக் கொட்டினாள்.

அதன் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. நகர சுகாதார அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அதிகாரி விழாவுக்குக் கிளம்பிவிட்டார் என்றார்கள். துணைவேந்தர் அறைக்கு ஓடினாள். துணைவேந்தரும் விழாவுக்குத்தான். கணக்குத் துறைக்காரரிடம் சொன்னாள். "உங்க அண்ணனே சொல்லட்டுமே, நடுவுல நாங்க எதுக்கு?" என்று அவர் கண்ணாடியைத் துடைத்தார். கட்டுமானத் துறைக்காரர் குழாய் கசியவில்லை, தன் வேலை சரி என்றார். ஏழு துறையும் ஒரே மேஜைதான், ஆனால் மேஜைக்குக் கீழே எல்லாரும் காலை இழுத்துக்கொள்கிற ஆட்கள்.

மூன்றரை மணிக்குக் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். தகர ஷெட்டுகளும் இரண்டு மாடிக் கட்டடங்களுமாக நெருக்கியடித்த இடம். நடுவில் மேடை, பந்தல், நாற்காலிகள். வீட்டு வாசலில் எல்லாம் பெண்கள் குடத்தையும் வாளியையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பின்னால் வாய்க்கால் கறுப்பாக, குமிழ் விட்டுக்கொண்டு நகர்ந்தது. அந்த நாற்றத்துக்கு மேல் யாரோ வாசனைத் தண்ணீரைத் தெளித்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து இன்னும் மோசமாக இருந்தது.

மேடைக்குப் பக்கத்தில் பெரிய சக்கர வால்வு. அதன் மேல் கை வைத்துக்கொண்டு குழாய்க்காரர் நின்றார். அதே குடியிருப்பு ஆள், முப்பது வயசு இருக்கும்.

"அதைத் திறக்காதீங்க," என்றாள் சின்னவள். "தண்ணி நல்லா இல்லை."

"நீங்கதானேம்மா நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தீங்க? ஆபீஸ்ல பேரைப் பாத்தேனே."

"தப்பா எழுதிட்டேன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தை இருக்கும்மா. காலையிலேர்ந்து லாரி வரலை. மேடையிலேர்ந்து கை காட்டினா திறக்கணும்னு எனக்கு உத்தரவு. நீங்க சொன்னீங்கன்னு நிறுத்தினா நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. அங்க போய்ச் சொல்லுங்க, அவங்க சொன்னா நான் நிறுத்துறேன்."

அவர் சொன்னதில் என்ன தப்பு?

வால்வுக்கு முன்னால் சோதனைக்கென்று ஒரு சின்னக் குழாய் உண்டு. சின்னவள் அதைத் திருகினாள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். பார்க்க என்னமோ கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மேடைப் படிகளில் ஏறினாள்.

மைக்கில் அண்ணி பேசிக்கொண்டிருந்தாள். "இப்போது நம் மையத் தலைவர் முதல் டம்ளர் தண்ணீரை அருந்தி, இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைப்பார்." மேஜையில் அந்த ஜாடி பளபளத்தது. அண்ணன் அதைச் சாய்க்கக் கை நீட்டினார். சின்னவள் தன் டம்ளரை நடுவில் வைத்தாள்.

"இதைக் குடிங்க அண்ணா. இதுதான் குழாய்த் தண்ணி. இப்பதான் பிடிச்சேன்."

அண்ணன் குடிக்க மாட்டார், டம்ளரைத் தள்ளுவார், ஏன் தள்ளினார் என்று நானூறு வீடும் கேட்கும். இதுதான் அவள் போட்ட கணக்கு. பெரிய விருந்தாளி பக்கத்தில் இருந்து உற்சாகமாகத் தலையாட்டினார்.

"அதான் சரி! அதையே குடிங்க. ஜாடித் தண்ணியைவிட அதுதான் நம்பிக்கையா இருக்கும்."

படம் பிடிக்கிறவர்கள் நெருங்கினார்கள். அண்ணன் டம்ளரைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது அவளுக்குத் தெரிந்தது. பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே டம்ளரைக் கையில் எடுத்தார்.

"அண்ணா, வேண்டாம்," என்றாள் சின்னவள் அடிக்குரலில்.

அவர் உதட்டில் வைத்தார். ஒரு வாய் விழுங்கினார். இரண்டாவது வாய். தொண்டை ஏறி இறங்கியதை அவள் ஓரடி தூரத்தில் நின்று பார்த்தாள். அத்தனையும் தெரிந்த மனுஷன், ஒப்புக்கொள்வதற்குப் பதிலாகச் சாக்கடையைக் குடிக்கிறான்! இப்படியும் ஒரு பிடிவாதமா? காறித் துப்பத் தோன்றியது. பாவமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கூட்டம் கை தட்டியது. அண்ணன் இடது கையை உயர்த்தி வால்வுப் பக்கம் காட்டினார். குழாய்க்காரர் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தார்.

"ஐயோ, துப்புங்க! குடிக்காதீங்க, துப்பித் தொலைங்க!"

ஒலிபெருக்கி அலறியது. அண்ணி. மைக்கைக் கையில் பிடித்திருக்கிறோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. நாலு மூலையிலும் கட்டியிருந்த ஸ்பீக்கர்களில் அவள் குரல் போய் வாய்க்கால் வரை கேட்டது. கைதட்டல் பாதியில் நின்றது. குழாய்க்காரர் சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

சின்னவள் அண்ணியைப் பார்த்தாள். பதினைந்து நாளாக நானூறு வீட்டுக் குழந்தைகளுக்காக வராத குரல், புருஷனின் இரண்டு வாய்க்கு வந்துவிட்டது. நல்லதுதான், வந்ததே போதும். ஆனாலும் அவளுக்கு அருவருப்பு மேலே மேலே ஏறியது.

அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டார். அண்ணியின் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார். அந்த நிமிஷத்திலும் குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"மன்னிக்கணும். பரிசோதனையில ஒரு சின்னத் தவறு நடந்திருக்கு போல. கிருமிப் பரிசோதனைக்குப் பொறுப்பு என் தங்கச்சி. அவங்களே உங்களுக்கு விளக்கம் சொல்லுவாங்க."

மைக்கை அவளிடம் நீட்டினார். கண்ணைப் பார்க்கவில்லை.

அடப்பாவி அண்ணா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு சின்னவள் வாங்கினாள். கீழே பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி எழுந்து நின்றிருந்தார்கள். குழாய்க்காரர் அவளையே பார்த்தார்.

"இந்தத் தண்ணியை யாரும் குடிக்கக் கூடாது," என்றாள். "சமைக்கக் கூடாது, குழந்தைங்க வாயில படக் கூடாது. ஆறு வாரமா நான் எழுதிக் குடுத்தது தப்பு. என் தப்புதான். லாரியை உடனே வரச் சொல்லணும். வால்வைப் பூட்டிடுங்க."

குழாய்க்காரர் பூட்டினார். சங்கிலி உரசும் சத்தம் மேடை வரை கேட்டது. விருந்தாளி நாற்காலியிலிருந்து எழுந்து யாரிடமோ காதில் கிசுகிசுத்தார்.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள். "இது உனக்கு மட்டும்தான் தெரியுமா? வேற யாருக்கும் தெரியாதா?"

சின்னவள் வாயைத் திறந்தாள். எதிரே அண்ணி. வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் கோர்த்திருந்தது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வயிற்றை ஒரு கையால் அழுத்தியபடி.

சின்னவள் மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். நாலு ஸ்பீக்கரிலும் அவள் குரல் வந்தது.

"நீங்க சொல்றீங்களா அண்ணி, இல்லை நானே சொல்லட்டுமா?"